சிரிப்பு வாயுவும் மரத்துப்போகும் கால்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு பாதித்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். சில வருடங்களுக்கு முன்பு வரை என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம் வந்த பெரியவர்கள், இல்லையென்றால் விபத்தில் முதுகில் அடிபட்டவர்கள். இப்போது 20, 22 வயதுப் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால், தயங்கித் தயங்கி, பலூன் என்கிறார்கள். அவர்களும் கூட வரும் அம்மா அப்பாவும் நண்பர்களும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். கேட்டது கேட்டபடி எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதியிருக்கிறேன். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் நரம்பியல் மருத்துவர்தான். அவரிடம் போகாமல் நாள் கடத்திவிடுகிறார்களே என்ற கவலையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பலூன்ல அடைச்சு இழுக்கிறது என்ன வாயு? ஹீலியம்தானே?

இல்லை, நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பு வாயு என்று சொல்வார்கள். 1772ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தது. 1799ல் ஹம்ப்ரி டேவி பிரிஸ்டலில் இதைத் தானே இழுத்துப் பார்த்தார், நண்பர்களுக்கும் கொடுத்தார். 1844ல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் வலியில்லாமல் பல் பிடுங்க இதைப் பயன்படுத்தினார். ஆக, போதைக்காக இழுப்பதும் மருத்துவத்துக்குப் பயன்படுத்துவதும் இந்த வாயுவின் கதையில் தொடக்கத்திலிருந்தே கூடவே வருகின்றன.

கிரீமை நுரைக்கச் செய்வதற்காக 8 கிராம் வாயு அடைத்த சின்ன எஃகுக் குப்பிகள் வரும், அதில் இருப்பதும் இதேதான். அப்புறம் அரை கிலோவுக்கு மேல் பிடிக்கும் பெரிய சிலிண்டர்கள் வந்தன. சின்னக் குப்பி என்றால் எத்தனை காலியானது என்று கண்ணுக்குத் தெரியும், சிலிண்டரில் அந்தக் கணக்கே இருக்காது.

டாக்டரே கொடுக்கிற வாயுதானே? அப்புறம் இதுல என்ன ஆபத்து?

மருத்துவர் கொடுக்கும்போது கூடவே ஆக்சிஜன் போகிறது, குறைந்தது 30 சதவீதம். பிரசவ வலிக்குக் கொடுப்பது பாதிக்குப் பாதி கலந்தது. கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், பக்கத்திலேயே ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார், முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதையே மணிக்கணக்கில் யாரும் கொடுப்பதில்லை.

பலூனில் இருப்பது கலப்பில்லாத வாயு. அது நுரையீரலை நிரப்பும்போது ஆக்சிஜனுக்கு அங்கே இடமில்லை. எழுந்து நின்று இழுத்தவர் அப்படியே சரிந்து தலையில் அடிபடுவதும், மூடிய இடத்திலோ முகமூடி மாட்டிக்கொண்டோ இழுத்தவர் மூச்சு நின்று இறந்துபோவதும் நடந்திருக்கிறது. இது அந்த நிமிடத்து ஆபத்து. நரம்புக்கு வரும் கேடு வேறு வழியில், மெதுவாக வருகிறது.

போதை ஏறுறது தலைக்கு. கால் ஏன் மரத்துப் போகுது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது, இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். போதை என்பது வாயு மூளையில் என்எம்டிஏ என்ற ஏற்பிகளை அடைப்பதால் வருவது, சில நிமிடத்தில் அது போய்விடும். ஆனால் அதே வாயு உடம்பில் உள்ள வைட்டமின் பி12ஐயும் தொடுகிறது. பி12க்கு நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு அந்த அணுவை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்த பி12 உடம்பில் இருந்தும் இல்லாத கணக்குதான்.

பி12ஐ நம்பி வேலை செய்யும் ஒரு நொதி உண்டு, மெத்தியோனின் சின்தேஸ் என்று பெயர். ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மெத்தியோனினாக மாற்றுவது அதன் வேலை. நரம்புகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைப் பழுதில்லாமல் வைத்திருக்க இந்த மெத்தியோனின் வேண்டும். மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அந்த மாதிரி உறை. நொதி படுத்துவிட்டால் உறை சிதைகிறது, செய்தி ஒழுங்காக ஓடுவதில்லை. படுத்த நொதி திரும்ப எழாது, உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்கள் முடிவதற்குள் மறுபடி பலூன் எடுத்தால் செய்ததும் வீண்.

கால் ஏன் முதலில் என்றால், பாதத்துக்குப் போகும் நரம்புகள்தான் உடம்பிலேயே மிக நீளமானவை, நீளம் கூடக்கூட கேடு சீக்கிரம் தெரியும். கூடவே தண்டுவடத்தின் பின்பக்கப் பாதையும் அடிபடுகிறது. கால் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது அந்தப் பாதைதான். பக்கவாட்டுப் பாதையும் சேர்ந்து கெட்டால் கால் விறைத்து, பலமும் குறையும்.

முதல்ல என்ன தெரியும்? எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒரே நேரத்தில் மதமதப்பு, எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி. பிறகு அது கணுக்காலுக்கு ஏறும், விரல் நுனிகளிலும் தொடங்கும். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று நிறைய பேர் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். குனிந்து பார்க்கக் கழுத்தை மடக்கினால் முதுகுத்தண்டு வழியாக மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு அதிர்ச்சி ஓடினால் அது தண்டுவடத்தின் குரல், அதை அலட்சியம் செய்யவே கூடாது.

எனக்கு மனதில் நிற்பது ஒரு பையன் சொன்னது. செருப்பு கழன்று பத்தடி பின்னால் கிடக்கிறது, கூட வந்தவன் சொல்லும்வரை இவனுக்குத் தெரியவில்லை. இன்னொருவர் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் குளியலறையில் விழுந்தார். கண் திறந்திருக்கும்வரை கண் பார்த்துக் காலுக்கு உதவி செய்கிறது, மூடினால் அந்த உதவியும் போய்விடுகிறது. மருத்துவர் உங்களைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்வதும், அதிரும் இசைக்கவையைக் கணுக்கால் எலும்பில் வைத்து "அதிர்வு தெரியுதா?" என்று கேட்பதும் இதைப் பார்க்கத்தான்.

சிறுநீர் வர முக்க வேண்டியிருப்பது அல்லது அடக்க முடியாமல் போவது, மலச்சிக்கல், ஆண்களுக்கு விறைப்பு வராதது, இவையும் இதே தண்டுவடப் பாதிப்பால் வரலாம். கூச்சத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

எத்தனை இழுத்தா இப்படி ஆகும்? வாரத்துல ஒரு நாள்தான் எடுக்கிறேன்

இத்தனைக்குள் பத்திரம் என்று ஒரு எண் கிடையாது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் நிறைய எடுப்பவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, உண்மை. ஆனால் ஏற்கெனவே பி12 குறைவாக இருக்கும் ஒருவருக்கு அறுவை சிகிச்சைக்காக ஒரே ஒரு முறை இந்த மயக்க வாயு கொடுத்ததிலேயே சில வாரத்தில் கை கால் மரத்து நடை தடுமாறியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. உங்கள் உடம்பில் பி12 கையிருப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது.

இழுக்காமலேயே பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. 1978ல் ராபர்ட் லேசர் என்ற நரம்பியல் மருத்துவர் லான்செட் இதழில் 15 நோயாளிகளைப் பற்றி எழுதினார், அதில் 14 பேர் பல் மருத்துவர்கள். பெரும்பாலோர் போதைக்காக இழுத்தவர்கள்தான், ஆனால் 2 பேர் காற்றோட்டமில்லாத அறையில் இந்த வாயுவோடு வேலை பார்த்தவர்கள், அவ்வளவே.

நான் கறி, முட்டை, பால் எல்லாம் சாப்பிடுறேன். எனக்கு பி12 குறையாதே?

சாப்பாட்டால் குறைவதற்கு வருடக்கணக்கில் ஆகும், கல்லீரல் அவ்வளவு சேமித்து வைத்திருக்கிறது. வாயு அந்தச் சேமிப்பையே செல்லாக்காசாக்குவதால் நல்ல சாப்பாடு சாப்பிடுபவருக்கும் வரும். அசைவமும் பாலும் அறவே தொடாதவர்கள், இரைப்பை அறுவை சிகிச்சை ஆனவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையோ வயிற்று அமிலத்துக்கு மாத்திரையோ நீண்ட நாளாக எடுப்பவர்கள், இவர்களுக்குக் கையிருப்பு முதலிலேயே குறைவாக இருக்கலாம், அதனால் இன்னும் சீக்கிரம் வரும்.

பி12 மாத்திரை போட்டுக்கிட்டா பேலன்ஸ் ஆயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்களே?

இந்த ஒரு நம்பிக்கைதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. நீங்கள் விழுங்கும் பி12ஐயும் அடுத்த பலூன் கெடுக்கும், நொதி செத்துக்கொண்டேதான் இருக்கும். மாத்திரை, ஊசி எல்லாம் தவறாமல் போட்டுக்கொண்டே வாயுவையும் தொடர்ந்தவர்கள் நடக்க முடியாமல் வந்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் பி12 அளவு அழகாக இருக்கும், பரிசோதனை திசை மாறிப்போகும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ரிப்போர்ட்ல பி12 நார்மல்னு வந்துடுச்சு. அப்போ இது அது இல்லைதானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. ரத்தப் பரிசோதனை எவ்வளவு பி12 இருக்கிறது என்று எண்ணுகிறது, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. துருப்பிடித்த பி12ம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். அதனால் ஹோமோசிஸ்டீனும் மெத்தில்மலோனிக் அமிலமும் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி12 வேலை செய்யாதபோது இந்த இரண்டும் ரத்தத்தில் தேங்கும். வாயுவை நிறுத்திச் சில நாளானாலோ ஊசி போட்டுவிட்டாலோ ஹோமோசிஸ்டீன் இறங்கத் தொடங்கிவிடும், எனவே ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசி. ஆனால் முடிவு வரும்வரை ஊசியை நிறுத்திவைக்கக் கூடாது, ரத்தம் எடுத்த கையோடு சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

எம்ஆர்ஐ எடுத்தே ஆகணுமா?

நடை தடுமாறினால், சிறுநீரில் பிரச்சினை வந்தால், கட்டாயம் எடுப்பார்கள், வேறு எதுவும் தண்டுவடத்தை அழுத்தவில்லை என்று பார்ப்பதற்கும் சேர்த்துத்தான். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஆங்கில "வி" எழுத்து மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் ஏறக்குறைய இந்த பி12 பாதிப்புதான். தெரியவில்லை என்றாலும் பாதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. கை கால் நரம்புகள் மட்டும் கெட்டிருந்தால் எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கும், நரம்புக் கடத்தல் சோதனையில்தான் தெரியவரும்.

டாக்டர்கிட்ட பலூன் விஷயத்தைச் சொல்லணுமா? திட்டுவாரே

சொல்ல வேண்டும், முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். வழக்கமான சிறுநீர் போதைப் பரிசோதனையில் இந்த வாயு தெரியாது, நீங்கள் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, இளவயதுக்காரருக்குச் சில வாரத்தில் இரண்டு காலும் பலமிழந்துவிட்டது என்றதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயோ என்று சந்தேகம் போகும், அதற்கான சிகிச்சை வேறு. அந்தக் குழப்பத்தில் போகும் ஒவ்வொரு நாளும் நரம்புக்கு நஷ்டம்.

என்றைக்குத் தொடங்கினீர்கள், கடைசியாக எப்போது எடுத்தீர்கள், ஒரே தடவையில் எத்தனை குப்பி அல்லது எவ்வளவு பெரிய சிலிண்டர், மாத்திரை ஏதாவது போட்டீர்களா, இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மா அப்பா கூட இருந்தால் வாய் வராது என்றால் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது நியாயமான கோரிக்கைதான். பெற்றோர்களுக்கும் ஒன்று: பிள்ளை சொல்ல வாயெடுக்கும்போது தயவுசெய்து கத்தாதீர்கள். அவன் அன்றைக்கு விழுங்கிய வார்த்தை திரும்ப வெளியே வரச் சில வாரம் ஆகலாம்.

சிகிச்சைன்னா என்ன? எத்தனை நாள்ல நடப்பேன்?

முதல் மருந்து, வாயுவை முழுசாக நிறுத்துவது. குறைத்துக்கொள்வது கணக்கில் வராது, காரணம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. அடுத்தது பி12 ஊசி, ஹைட்ராக்சோகோபாலமின் போன்றவை, பெரும்பாலும் 1 மில்லிகிராம், தொடக்கத்தில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இடைவெளி விட்டு. சில மருத்துவர்கள் மெத்தியோனின் மாத்திரையும் சேர்ப்பார்கள். ஃபோலிக் ஆசிடை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பி12 கொடுக்காமல் அதை மட்டும் கொடுத்தால் ரத்தம் சரியானது போலக் காட்டி நரம்பு இன்னும் கெட்டுப்போகலாம்.

ரத்த அளவுகள் சில நாட்களில் திரும்பும், நரம்பு அப்படி இல்லை. உறை மறுபடி வளர வாரங்கள், மாதங்கள் ஆகும். சீக்கிரம் நிறுத்திச் சீக்கிரம் ஊசி போட்ட நிறைய பேர் நன்றாகத் தேறுகிறார்கள். தாமதமாக வந்தவர்களில் சிலருக்குப் பாதத்தில் மதமதப்போ இருட்டில் தடுமாற்றமோ நிரந்தரமாக நின்றுவிடுகிறது. பயிற்சியில் நாங்கள் செய்வது ரொம்பச் சாதாரணமாகத்தான் தெரியும்: கம்பியைப் பிடித்து நிற்பது, ஒரு கையை விடுவது, கண்ணாடி முன் நடப்பது, பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு நடப்பது. கண்ணிடமிருந்து வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்குத் திருப்பித் தருகிறோம். வீட்டில் இரவு விளக்கை அணைக்காதீர்கள், குளியலறையில் உட்கார்ந்து குளியுங்கள், வெந்நீரைக் காலால் சோதித்துப் பார்க்காதீர்கள், மரத்த கால் சூட்டைச் சொல்லாது. பாதம் எங்கே படுகிறது என்று கால் சொல்லாத வரைக்கும் வண்டி ஓட்டவும் கூடாது.

நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு, ஊசியும் போடுறேன். ஊசி குத்துற மாதிரி இருக்கிறது அதிகமாயிடுச்சே?

தொடக்கத்தில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. அதைப் பார்த்து, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பலம் குறைந்துகொண்டே போனால், மரத்தது மேலே ஏறிக்கொண்டே போனால், சிறுநீர் அடைத்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். நிறுத்தியதாகச் சொல்பவர் உண்மையிலேயே நிறுத்திவிட்டாரா என்றும் மருத்துவர் கேட்பார். அது சந்தேகப்பட்டுக் கேட்பதல்ல, சிகிச்சைக்கு அந்தப் பதில் வேண்டும்.

என் தம்பி யாரோ தன்னைக் கண்காணிக்கிறாங்கன்னு சொல்றான். இதுவும் வாயுவாலயா?

இருக்கலாம். இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம், நினைவு தவறுவது, தூக்கமின்மை, மனநிலை சட்டென்று மாறுவது, இதெல்லாம் வாயுவின் நேரடி வேலையாலும் வரும், பி12 செயலிழப்பாலும் வரும். வாயுவை நிறுத்தி பி12 கொடுத்ததும் பலருக்குத் தெளிகிறது. ஆனால் தம்பி தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொள்வான் போலிருந்தால் அவசர சிகிச்சைக்கு உடனே கூட்டிப்போங்கள், தெளியும் என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குது. இதுவும் நரம்புதானா?

இது வேறு, இது அவசரம். நரம்புக் கேடு பொதுவாக இரண்டு காலிலும் வரும், வீக்கம் இருக்காது. மேலே சொன்ன ஹோமோசிஸ்டீன் தேங்கும்போது ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி வரும். இதுவரை வராத அளவுக்குத் தலைவலியோடு வலிப்பு வந்தாலும் மூளைச் சிரையில் அடைப்பா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் காலைவரை பொறுத்திருக்கக் கூடாது.

இது அடிமைப்படுத்தாதாமே? விட்டா உடம்பு நடுங்குமா?

மதுவை நிறுத்தினால் வருகிற மாதிரி நடுக்கம், வலிப்பு பொதுவாக வருவதில்லை. ஆனால் போதை 2 நிமிடத்தில் இறங்கிவிடுவதால் உடனே அடுத்ததுக்குக் கை போகிறது, ஒன்று பத்தாகிறது. கால் மரத்துவிட்டது என்று தெரிந்தும், தடி ஊன்றி நடந்தபடியே திரும்பப் போனவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பெயர் அடிமைத்தனம் இல்லாமல் வேறென்ன? போதை மீட்பு ஆலோசகரிடம் போவதும் ஊசி போடுவதைப் போலவே சிகிச்சையில் ஒரு பங்குதான்.

நான் விட்டு ஒரு வருஷம் ஆச்சு. இப்போ ஆபரேஷன் இருக்கு, மயக்க மருந்து டாக்டர்கிட்ட இதைச் சொல்லணுமா?

சொல்லுங்கள். மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு இல்லாமலேயே செய்ய வேறு மருந்துகள் தாராளமாக இருக்கின்றன, முன்கூட்டித் தெரிந்தால் அவர் அதைத் தவிர்த்துவிடுவார். பல் மருத்துவரிடமும், கர்ப்பிணி என்றால் பிரசவம் பார்ப்பவரிடமும் இதையே சொல்ல வேண்டும். பழைய எம்ஆர்ஐ, நரம்புச் சோதனை அறிக்கைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே பாதத்தில் எவ்வளவு உணர்ச்சி இருந்தது என்று எழுதி வைத்திருந்தால், பிறகு ஏதாவது மாறினாலும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.